காலையில் மட்டும் ஓடும் வைப்பர்

இந்தக் காலத்தில் ஒருவன் வாயிலிருந்தும் 'தெரியாது' என்ற சொல் வருவதில்லை. வழி கேட்டால், வழி தெரியாதவன்தான் முதலில் கையை நீட்டிக் காட்டுகிறான். பல் வலி என்றால் பழக்கடைக்காரன் மருந்து சொல்கிறான். கார் நின்றுவிட்டால் போதும், பிறந்ததிலிருந்து காரே இல்லாதவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான். ஹாஜி ஷிஹாத்தா இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போனவர். அலெக்சாந்திரியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டித் தலை நரைத்தவர் அவர். கீழே நிற்கிறவன் எவ்வளவுதான் கையை ஆட்டினாலும், தன் கண்ணால் பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூட இறக்கியதில்லை. வேலை போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பழக்கம் போகவில்லை.

அந்த வாரம் பஹ்ரி காபிக்கடையில் அவருடைய ஃபியட்டின் வைப்பர்தான் பேச்சு.

"பேட்டரிதான் ஹாஜியாரே. பேட்டரி செத்தா வைப்பர் எங்கேர்ந்து ஓடும்?" என்றான் வலை பின்னுகிற ஜாபிர்.

"பேட்டரி செத்திருந்தா கார் எப்படிடா இங்க வந்துச்சு? உங்கப்பன் தள்ளிட்டு வந்தானா?"

"அப்ப எர்த்து."

"எர்த்துன்னா என்ன? சொல்லு, கேட்டுக்கறேன்."

ஜாபிர் தேநீர் டம்ளரைப் பார்த்தான். "அதாவது... அது இல்லேன்னா ஓடாது."

"எர்த்தும் இல்ல, வானமும் இல்ல, கண்ணு பட்டிருக்கு," என்றார் கடைக்காரர், ஹூக்காவுக்கு நெருப்பு எடுத்து வைத்தபடி. "அறுபத்திரெண்டாம் வருஷத்து வண்டி, பெயின்ட் உரியாம நிக்குது. எத்தனை பேர் பெருமூச்சு விட்டுட்டுப் போறான். வைப்பரோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

கண்பட்டு வைப்பர் நிற்கலாம், அதை ஹாஜி மறுக்கவில்லை. ஆனால் கண்பட்ட வைப்பர் காலையில் ஓடி மத்தியானத்தில் நிற்குமா? கண்ணுக்கு நேரம் காலம் உண்டா?

விஷயம் இதுதான். வருஷா வருஷம் பேர் வைத்துத் தேதி சொல்லி வருகிற கடற்புயல்களில் 'மக்னஸா' நவம்பர் நடுவில் வரும். இந்த வருஷம் அது வந்த வியாழக்கிழமை, ஹாஜி வழக்கம்போல தமன்ஹூருக்குப் போய் மகள் நக்லாவையும் பேத்தி மலக்கையும் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பாதி வழியில், ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் வரும்போது, வைப்பர் கைகள் இரண்டும் கண்ணாடி நடுவில் நின்றுவிட்டன. லாரி வாரியடித்த சேறு கண்ணாடி முழுவதும். நக்லா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை விட்டுத் தலைத் துணியால் துடைத்தாள். மலக் பின் சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மருமகன் இஹாபுக்கு விஷயம் போய்விட்டது.

இஹாப் பள்ளிக்கூட வாத்தியார், குரலை உயர்த்தத் தெரியாதவன். அதுதான் ஹாஜிக்குப் பிடிக்காது. உயர்த்தினால் பதிலுக்கு உயர்த்தலாம்.

"கோவிச்சுக்காதீங்க மாமா," என்றான். "அந்த வைப்பர் சரியாகிற வரைக்கும் மலக் அந்தக் கார்ல ஏற வேண்டாம். நீங்க பார்த்துட்டு, சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வார்த்தை எனக்குப் போதும்."

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகள் வெறுமையாகப் போயின. மனைவி இறந்த பிறகு அவர் வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள்தான் விளக்குகள் எல்லாம் எரியும். மலக் வந்தால் பூசணி விதை கொறித்துத் தோலைக் காரின் சாம்பல் கிண்ணத்தில் போடுவாள். இப்போது கிண்ணம் சுத்தமாக இருந்தது. அடுத்த புயல் 'காசிம்' டிசம்பர் முதல் வாரத்தில் வரும். அதற்குள் வைப்பர் ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காலம் முடிகிறவரைக்கும் பேத்தி இல்லை.

மோட்டாரைக் கழற்றி, அத்தாரீன் சந்தில் பழைய கார்களுக்கு மின்சார வேலை பார்க்கும் மேஸ்திரி, எல்லோரும் 'உஸ்தா' என்கிற வஹீபிடம் கொடுத்தார். வஹீப் ஒல்லி ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி. கார்பன் தேய்ந்துபோய்விட்டது, காயிலும் எரிந்துவிட்டது என்றான். புதிதாகக் காயில் கட்டி, கார்பன் போட்டு, புஷ் மாற்றித் தருவதாகச் சொன்னான்.

"பழைய கம்பியை எனக்குத் திருப்பித் தரணும்," என்றார் ஹாஜி.

"எரிஞ்ச கம்பியை வச்சு என்ன பண்ணப் போறீங்க ஹாஜியாரே?"

"அது என் இஷ்டம். என் வண்டியோட செம்பு அது."

வஹீப் கோபப்படவில்லை. அதுவும் ஹாஜிக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. தப்பு செய்யாதவனுக்குக் கோபம் வராதா?

மோட்டார் தயாராகி வந்தபோது மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டினான். பூனை உறுமுவது போல ஓடியது. காரில் மாட்டினான். வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்த வஹீப் போனபோது ஹாஜி தடுத்துவிட்டார். எந்த மெக்கானிக் கையையும் அவர் அந்தக் கண்ணாடியில் பட விட்டதில்லை. உலர்ந்த கண்ணாடியில் ரப்பர் தேய்ந்தால் கீறும் என்பதால் தானே இறங்கி இரண்டு கைகளையும் தூக்கி நிறுத்தினார். சுவிட்சைப் போட்டதும் கைகள் காற்றில் இப்படியும் அப்படியும் அழகாக ஆடின.

"எப்படி?" என்றான் வஹீப்.

"பார்க்கலாம்," என்றார் ஹாஜி.

மறுநாள் மத்தியானம் கடலோரச் சாலையில் அலை ஒன்று சுவரைத் தாண்டிக் கண்ணாடியில் விழுந்தது. சுவிட்சைப் போட்டார். கைகள் கொஞ்சம் எழும்பின, நடுங்கின, நின்றுவிட்டன. மோட்டார் உள்ளே முனகியது. அணைத்தார், போட்டார். முனகல்தான்.

மறுநாள் காலை, கோபத்தோடு கீழே இறங்கி வந்து கார்க் கதவைத் திறந்து, உட்காராமலேயே சுவிட்சைத் தட்டினார். ஓடியது. தடையில்லாமல் ஓடியது.

அவருடைய கட்டிடத்துக் காவலாளி சல்ஹீன், சோஹாகிலிருந்து வந்தவன், கையில் வாளியோடு பக்கத்தில் நின்றான். விடிவதற்குள் அந்தத் தெருவில் உள்ள கார்களையெல்லாம் கழுவிவிடுவது அவன் வேலை. எல்லாக் காவலாளிகளையும் போல, கழுவி முடித்த வண்டிக்கு வைப்பர் கைகளைக் கண்ணாடியை விட்டுத் தூக்கி நிறுத்திவிடுவான். கை நின்றால் வண்டி கழுவியாயிற்று என்று அர்த்தம். மூன்றாம் மாடியிலிருந்தே தெரியும். ஹாஜியும் தினமும் பால்கனியிலிருந்து அதைத்தான் முதலில் பார்ப்பார். போன வருஷம் முழுக்க அவருடைய வண்டியின் கைகள் சோர்ந்து விழுந்து கிடக்கும். "கழுவினேன் ஹாஜியாரே, ஈரத்தைப் பாருங்க," என்பான் சல்ஹீன். "பனி பெஞ்சா ஈரம் இருக்காதா? கை எங்கடா நிக்குது?" என்று மாடியிலிருந்தே கத்துவார். இப்போது சில நாட்களாகக் கைகள் சிப்பாய் மாதிரி விறைப்பாக நிற்கின்றன. சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று ஹாஜி நினைத்துக்கொண்டார்.

"ஓடுதே ஹாஜியாரே," என்றான் சல்ஹீன்.

"ஓடுது," என்று சொல்லிவிட்டு, சுவிட்சை அணைத்து, கைகளை இறக்கிவிட்டு, உட்கார்ந்து காரை எடுத்தார். சட்டைப் பொத்தானைப் போடுகிற மாதிரி, கை தானாகச் செய்கிற வேலை அது. கடலோரம் வந்து மறுபடி சுவிட்சைப் போட்டார். நடுங்கி நின்றது.

அன்றிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர்தான் காரணம், மோட்டாருக்குள் ஈரம் போகிறது என்று ஒரு நாள் முடிவு செய்தார். மறுநாள் காலை பெரிய கெண்டியில் தண்ணீர் கொண்டுவந்து பானெட்டின் மேலும் கண்ணாடி அடியிலும் ஊற்றிவிட்டு, வண்டிக்குள் கையை விட்டுச் சுவிட்சைப் போட்டார். ஓடியது. அப்படியானால் தண்ணீர் இல்லை. அதே நாள் மத்தியானம் நல்ல வெயிலில், காபிக்கடை வாசலில், எலும்பு மாதிரி உலர்ந்த கண்ணாடியில் போட்டுப் பார்த்தார். ஓடவில்லை. எஞ்சின் சூட்டினாலோ என்று, இன்னொரு நாள் வண்டியை எடுக்காமல் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, வேண்டுமென்றே குளிர்ந்த எஞ்சினோடு போட்டுப் பார்த்தார். அப்போது சல்ஹீன் நிறுத்தியிருந்த கைகள் இறங்கித்தான் இருந்தன. முதல் மாடிக்காரரின் பையன்கள் பந்து விளையாடிவிட்டு இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஓடவில்லை.

ஈரத்தில் ஓடுகிறது, உலர்ந்தால் ஓடவில்லை. அலை அடித்த ஈரத்தில் ஓடவில்லை, உலர்ந்தாலும் ஓடவில்லை. காலையில் ஓடுகிறது. காலைக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? படுக்கையில் படுத்தால் அந்த முனகல் காதில் கேட்டது.

மறுபடி வஹீபிடம் போனார். வஹீப் மோட்டாரை இறக்கி மேஜையில் ஓட்டினான். ஓடியது. மாட்டினான். ஹாஜி இறங்கிக் கைகளைத் தூக்கி நிறுத்தினார். ஓடியது.

"என் கிட்ட வரும்போதெல்லாம் ஓடுதே," என்றான் வஹீப், உண்மையிலேயே குழம்பிப்போய்.

"அதைத்தான் நானும் கேட்கறேன். உன் கிட்ட மட்டும் ஏன் ஓடுது?"

"அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பதில் உன் கிட்டதான் இருக்கு."

திரும்பி வந்து காபிக்கடையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வஹீப் கட்டியது செம்பு இல்லை, செம்புப் பூச்சு போட்ட வேறெதுவோ. இல்லாவிட்டால் அவருடைய மோட்டாரையே எடுத்துக்கொண்டு வேறு ஒன்றை மாட்டிவிட்டான். வாடிக்கைக்காரன் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்று ஏதோ வைத்திருக்கிறான். ஜாபிர் "வஹீப் அப்படிப்பட்ட ஆள் இல்லையே," என்றான். "உனக்கு எர்த்துன்னா என்னன்னே தெரியாது," என்றார் ஹாஜி.

பேச்சு அத்தாரீன் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? வியாழக்கிழமை காலை, ஹாஜி பால்கனியில் பாலில்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கீழே கருவிப் பெட்டியோடு வஹீப் வந்து நின்றான். வானம் கறுத்திருந்தது. காசிம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வருகிற மாதிரி இருந்தது.

ஹாஜி கீழே இறங்கி வந்தார். வஹீப் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

"நான் திருடன்னு சொன்னீங்களாமே. நான் கட்டின மோட்டாரை இங்கயே, உங்க தெருவுல, உங்க ஆளுங்க முன்னால திறந்து காட்டறேன். கம்பியைச் சுரண்டிப் பார்த்துக்கங்க. அப்புறம் அந்தக் காபிக்கடைக்குப் போய் அதையும் சொல்லுங்க."

"முதல்ல ஓடுதான்னு பார்ப்போம்."

ஹாஜி சுவிட்சைப் போட்டார். கைகள் நிமிர்ந்து நின்றிருந்தன. காற்றில் ஆடின.

வஹீப் பெட்டியைத் திறக்கவில்லை. அந்த ஆடுகிற கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். சுவிட்சை அணைக்கச் சொல்லி, அருகில் போய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கையின் அடியில் இருந்த ஸ்பிரிங்கை விரலால் தொட்டான். காரில் எல்லாமே மங்கலாக இருக்க, அது மட்டும் பளபளத்தது.

"இது இந்த வண்டி ஸ்பிரிங் இல்லையே," என்றான். "யார் மாட்டினது?"

வாளியோடு நின்றிருந்த சல்ஹீன் வாளியைக் கீழே வைத்தான்.

"நான்தான் உஸ்தா. ஏதும் தப்பா?"

ஹாஜி அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீயா? என் வண்டியைத் தொட்டியா?"

"கழுவறதுக்குத் தொடாம எப்படி ஹாஜியாரே? பழைய ஸ்பிரிங் சவசவன்னு போயிடுச்சு. தூக்கி நிறுத்துவேன், நான் அந்தப் பக்கம் போறதுக்குள்ள விழுந்துடும். நீங்க மேலேர்ந்து பார்த்துட்டுக் கழுவலைன்னு கத்துவீங்க. தெருவே கேட்கும். என் மக கேட்டா, 'ஏன்பா நீ கழுவறதில்லையா'ன்னு. அதான், மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்தப்ப வெள்ளிக்கிழமைச் சந்தையில ஒரு லாரி வைப்பரோட ஸ்பிரிங் கிடைச்சுது. வாங்கிட்டு வந்து மாட்டினேன். என் காசுதான். இப்ப நிக்குதில்ல?"

வஹீப் ஒரு வைப்பர் கையை இறக்கினான். பட்டென்று கண்ணாடியில் அறைந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் தாளை எடுத்து, ரப்பரைச் சிரமப்பட்டுத் தூக்கி, அடியில் வைத்து விட்டான். இழுத்தான். தாள் கிழிந்து பாதிதான் வந்தது.

"பாருங்க ஹாஜியாரே. லாரிக்கு இருக்கிற ஸ்பிரிங் இது. கண்ணாடியை இப்படிப் பிடிச்சு அமுக்கினா இந்தச் சின்ன மோட்டார் என்ன பண்ணும்? மேல நிக்கறப்ப அமுக்கம் இல்ல, ஓடுது. இறக்கினா நின்னுடுது. காலையில இவன் தூக்கி நிறுத்தியிருப்பான். என் கடையில நீங்களே தூக்கி நிறுத்தினீங்க."

சல்ஹீன் முகத்தில் பயம் வந்தது. "அப்ப என்னாலயா? குழந்தை வராம இருந்தது என்னாலயா உஸ்தா?"

"உன்னால இல்ல. உனக்கு எப்படித் தெரியும்? பழசு வச்சிருக்கியா?"

வைத்திருந்தான். மாடிப்படிக்கு அடியில் இருந்த தன் அறைக்கு ஓடிப்போய் ஒரு டப்பாவில் கொண்டுவந்தான். வஹீப் இரண்டு கையிலும் பழையதைத் திரும்ப மாட்டினான். அதற்குள் முதல் தூறல் விழ ஆரம்பித்தது. தெருவில் இருந்தவர்கள் கடை ஓரங்களில் ஒதுங்கினார்கள். இவர்கள் மூன்று பேரும் நனைந்துகொண்டே நின்றார்கள். வஹீப் கைகளைக் கண்ணாடியில் இறக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டான். வைப்பர் ஓடியது. கண்ணாடியிலிருந்து மழையை வழித்து வழித்து எடுத்தது. நிற்கவில்லை.

ஹாஜி குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்தார். பானெட்டைத் திறந்து மோட்டாரைப் பார்த்தார். மூடினார்.

"மக்னஸா அன்னிக்கு ஏன் நின்னுது? அப்ப இந்த லாரி ஸ்பிரிங் இல்லையே."

"அது கார்பன் தேஞ்சு நின்னுது. அது வேற வியாதி."

"ஒரே இடத்துல ரெண்டு வியாதி எப்படி வரும்?"

"உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கு, முட்டி வலியும் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணும் போயிடுமா?"

"என் முட்டியை இதுல இழுக்காதே. நீ சொல்றது கணக்குக்குச் சரியா வருது. ரொம்பச் சரியா வருது. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"யா ரப், நான் இவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்," என்றான் சல்ஹீன்.

"ஓடுறதைப் பாருங்க ஹாஜியாரே. கண்ணால பாருங்க. அதைத்தானே நீங்க கேட்பீங்க."

"காலையில எப்பவும் ஓடும்தான்," என்றார் ஹாஜி.

வஹீப் தலையில் கை வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். "மத்தியானம் வரைக்கும் இங்கயே உட்கார்ந்திருக்கட்டுமா? ஓடிக்கிட்டே இருக்கட்டும், நாம பார்த்துக்கிட்டே இருப்போம்."

வஹீப் சொல்வதில் ஓட்டை எதுவும் ஹாஜியின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்பிரிங் உண்மை, கிழிந்த தாள் உண்மை. ஆனால் இத்தனை நாள் காரணம் தெரியாமல் கிடந்தது, திடீரென்று இவ்வளவு சின்னதாக, கழுவுகிறவன் கையில் இருந்து வந்தால் அதை எப்படி நம்புவது? தெரியாத காரணம் இன்னொன்று உள்ளேயே இருந்தால்? பாதி வழியில், கரும்பு லாரிக்குப் பின்னால், அது வெளியே வந்தால்?

சட்டைப் பையில் போன் அடித்தது. நக்லா.

"பாபா, இங்க மழை ஆரம்பிச்சுடுச்சு. மலக் பை எடுத்து வச்சுட்டு வாசல்லயே உட்கார்ந்திருக்கா. இஹாப் பேசணுங்கறாரு."

இஹாப் வந்தான். "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. வண்டியை உஸ்தா பார்க்கறாருன்னு நக்லா சொன்னா. சரியாயிடுச்சா? நீங்க சொன்னா போதும்."

ஹாஜி கண்ணாடியைப் பார்த்தார். வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. வஹீப் படியிலிருந்து தலையை உயர்த்தினான். சல்ஹீன் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றான். 'ஆச்சு' என்று ஒரு சொல். அதைச் சொன்னால் போதும்.

"ஓடுது," என்றார். "ஆனா சரியாயிடுச்சான்னு எனக்குத் தெரியாது."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார் ஹாஜி.

"வர்றேன். குழந்தையைக் கூட்டிட்டுப் போக வர்றேன். கார்ல இல்ல. ட்ரெயின்ல."

போனைப் பைக்குள் வைத்தார். டேஷ்போர்டில் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். கைகள் கண்ணாடியின் அடியில் போய்ச் சரியாகப் படுத்துக்கொண்டன. சாவியை எடுத்துக்கொண்டார்.

"ஹாஜியாரே, இவ்வளவு மழையில ட்ராம்ல போய், அங்கேர்ந்து ஸ்டேஷன் போய்... இதோ நிக்குதே வண்டி," என்றான் வஹீப். "என் பேரையாவது காபிக்கடையில சரி பண்ணிட்டுப் போங்க."

"செம்புதான் கட்டினேன்னு சொல்றே. இருக்கலாம். சாயங்காலம் வந்து சுரண்டிப் பார்க்கறேன்."

சல்ஹீன் தன் மேல்துண்டை எடுத்து நீட்டினான். ஹாஜி வாங்கவில்லை. கழுத்துப் பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சுவர் ஓரமாக, ட்ராம் நிற்கிற பக்கம் நடந்தார். தெருமுனையில் ஒருமுறை நின்று திரும்பி வண்டியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே மழைக்குள் போய்விட்டார்.